ஒண்ணுமில்ல மேடம்

என் நாத்தனாருக்கு அவளுடைய மாணவிகள் வைத்த பட்டப்பெயர் ‘ஒண்ணுமில்ல மேடம்’. அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் கோபப்பட்டதில்லை, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட உண்டு. நர்சிங் பள்ளியில் சேரும் பெண்களுக்கு முதல் வாரமே அவள் சொல்லிக்கொடுக்கும் பாடம் அது. நோயாளி என்ன கேட்டாலும் முகத்தில் சிரிப்பு மாறக்கூடாது, குரல் நடுங்கக்கூடாது. ‘ஒண்ணுமில்லம்மா, பயப்படாதீங்க’ என்று சொல்லிவிட்டுத் தலையணையைச் சரிசெய்ய வேண்டும். மீதியை டாக்டர் பார்த்துக்கொள்வார். வகுப்பில் ஒவ்வொருத்தியையும் எழுப்பி நிறுத்திச் சொல்லவைப்பாளாம். சிரிப்பு சரியில்லை என்றால் மறுபடியும் முதலிலிருந்து.

அந்த வார்த்தையை அவளைப் போலச் சொல்ல ஆள் கிடையாது. என் மாமியார் கடைசி நாட்களில் வலி தாங்காமல் புரண்டபோது, இவள் வேலை முடிந்து வந்து நெற்றியில் கைவைத்து “ஒண்ணுமில்லம்மா” என்பாள். அம்மாவின் மூச்சு மெல்ல அடங்கி, கண் மூடிவிடும். என்னால் அரைமணி நேரம் காலை அமுக்கியும் முடியாதது அது. பின்னால் நடந்ததைச் சொல்லப்போகிறவள் இதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம்.

நான் தையல்காரி. வீட்டு முன்னறைதான் கடை. எங்கள் தெருப் பெண்களில் பாதிப்பேரின் மார்பளவு எனக்கு மனப்பாடம். யார் இளைத்தாள், யார் பெருத்தாள், யார் முழுகாமல் இருக்கிறாள் என்பதெல்லாம் அவரவர் புருஷன்மாருக்கு முன்பே என் டேப்புக்குத் தெரிந்துவிடும். நாத்தனார் தயவில் நர்சிங் பள்ளி யூனிஃபார்மும் நான்தான் தைக்கிறேன். அளவு கொடுக்கக் கூச்சப்பட்டு நெளியும் பெண்களை, “என்கிட்ட இல்லாதது உன்கிட்ட என்னம்மா இருக்கு, நேரா நில்லு” என்று அதட்டுவேன்.

இப்படிப் பேசுகிறவள், ஐம்பது தாண்டிய பெண்களுக்கு ஆஸ்பத்திரியில் மார்பகப் பரிசோதனை என்று அறிவித்ததும் பேச்சில்லாமல் போனேன். வாரம் ஒரு சாக்கு. கல்யாண ஆர்டர், மெஷின் ரிப்பேர், முதுகுவலி. யாரோ முன்னால் ஜாக்கெட்டைக் கழற்றி நிற்பதை நினைத்தாலே உடம்பு கூசியது. கடைசியில் நாத்தனார் வந்து, “ஊர்ப் பொம்பளைங்களை எல்லாம் நிமிர்ந்து நில்லுன்னு சொல்றீங்க, உங்களுக்கு வந்தா மட்டும் ஓடி ஒளியறீங்களா அண்ணி” என்று கையைப் பிடித்து இழுத்துப்போனாள். அவள் இழுக்காவிட்டால் நான் போயிருக்க மாட்டேன். இதையும் அவள் கணக்கில்தான் எழுத வேண்டும்.

மேமோகிராம் மெஷின் இரண்டு தட்டுகளுக்கு நடுவே வைத்து நசுக்கிப் படம் எடுத்தது. வலித்தது, வலியைவிட வெட்கம்தான் அதிகம். ஒரு வாரம் கழித்து, இடது பக்கம் ஏதோ நிழல் தெரிகிறது, இன்னும் பார்க்க வேண்டும் என்று போன் வந்தது. ஸ்கேன் டாக்டர் நடுவயதுப் பெண்மணி. நான் கேட்டதால் படத்தைத் திருப்பிக் காட்டினார். நடுவில் ஒரு சின்ன முடிச்சு, அதிலிருந்து நாலாபக்கமும் ஓடும் மெல்லிய கோடுகள். துணியில் ஓர் இழை இழுபட்டால் சுற்றிலும் சுருக்கம் விழுமே, அதே மாதிரி. எனக்கு அது பிடிக்கவில்லை. எந்தத் துணியில் அந்தச் சுருக்கத்தைப் பார்த்தாலும் எனக்குப் பிடிக்காது.

ஊசி போட்டுத் துணுக்கு எடுத்து லேபுக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். பயாப்ஸி. அங்கேதான் அந்த நர்ஸைப் பார்த்தேன். முப்பது வயதுக்குள் இருக்கும். என் நாத்தனாரிடம் படித்தவள்தான். பிறகு இந்தப் பரிசோதனைக்கென்று வந்த புதுப் பயிற்சியையும் முடித்திருந்தாள். சிரிக்கவே மாட்டாள். பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போல எல்லாவற்றையும் சொன்னாள். மரத்துப்போக மருந்து போடுவோம், அது கொஞ்சம் எரியும். துணுக்கு எடுக்கும்போது ‘டக்’கென்று சத்தம் வரும், திடுக்கிடாதீர்கள். பிறகு பத்து நிமிஷம் அழுத்திப் பிடித்திருப்பேன். என் மனசுக்குள் அவளுக்குக் ‘கறார்’ என்று பெயர் வைத்தேன்.

படுத்தபடியே அவளிடம் கேட்டேன். “ஒண்ணுமில்லதானே, பாப்பா?”

“அது எனக்கு இப்ப தெரியாதும்மா. தெரியாம அப்படிச் சொல்ல மாட்டேன். ரிசல்ட் வந்ததும் டாக்டருங்க அதைப் படத்தோட வச்சுப் பாப்பாங்க. ரெண்டும் ஒத்துப்போகணும். அப்புறம் நானே கூப்பிட்டுச் சொல்றேன்.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு நல்ல வார்த்தை சொன்னால் இவள் சொத்தா குறைந்துவிடும்? அன்று சாயங்காலமே நாத்தனாரிடம் கோள்மூட்டினேன். ஆமாம், கோள்தான். அவளுக்கு அது எப்படிப்பட்ட நேரம் என்று தெரிந்தே செய்தேன்.

அப்போது நர்சிங் படிப்பையே மாற்றப்போவதாகப் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. புதிய பாடத்திட்டம். பள்ளி ஆசிரியைகள் சங்கத்துக்கு என் நாத்தனார்தான் தலைவி, எதிர்ப்புக்கும் அவள்தான் தலைவி. அவள் சொன்ன நியாயங்களில் பாதி நியாயம்தான். இருக்கிற ஆசிரியைகளே போதவில்லை, புதுப் பாடத்தை யார் எடுப்பது? மாணவிகள் வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தால் வார்டில் யார் நிற்பது? எங்களைக் கேட்காமல் எழுதியவர்கள் எந்த வார்டில் இரவு கண்விழித்தார்கள்? ஆனால் அவளைச் சுட்டது இதெல்லாம் இல்லை. அந்தப் புத்தகத்தில் ஒரு பாடம் இருந்தது: பரிசோதனை முடிவு வரும்வரை நோயாளியிடம் என்ன சொல்லலாம், என்ன சொல்லக்கூடாது. சொல்லக்கூடாதவற்றில் முதலில் இருந்தது ‘ஒண்ணுமில்லை’. தன் ஆயுசையே அடித்துத் திருத்தியது போல அவள் அதைப் பார்த்தாள்.

நான் கறாரைப் பற்றிச் சொன்னதும் அவள் முகம் சிவந்தது. “நான் கத்துக்கொடுத்ததை மறந்துட்டு மெஷின் மாதிரி பேசுறா பாருங்க. இதுக்குப் பேர்தான் புதுப் படிப்பு” என்றாள். எனக்குத் திருப்தியாக இருந்தது.

நாலைந்து நாளில், பகல் சாப்பாட்டு நேரத்தில், அவளிடமிருந்து போன். லேபில் அவளுடைய பழைய மாணவி ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் வாய்வழியாகவே முடிவைக் கேட்டு வாங்கிவிட்டாள். துணுக்கில் வெறும் கொழுப்பும் சாதாரணச் சதையும்தான், புற்று இல்லை.

“அண்ணி, ஒண்ணுமில்ல” என்றாள். அவளே தழுதழுத்துவிட்டாள்.

நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு ஓவென்று அழுதேன். பள்ளிக்கூட வேன் ஓட்டும் என் வீட்டுக்காரர் சாப்பாட்டுக்கு வந்தவர், நான் அழுவதைப் பார்த்துச் செத்தேபோனார். விஷயம் தெரிந்ததும் மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்து அவரும் அழுதார். தங்கை மேல் அவருக்கு எப்போதுமே பெருமை. “அவ சொல்லிட்டா சரியாத்தான் இருக்கும்” என்றார். எங்கள் வீட்டில் ஜுரம் முதல் ஜாதகம் வரை அவள் சொன்னால் முடிந்தது.

இரண்டு நாள் கழித்துக் கறார் போன் செய்தாள். அதே பஸ் நேரம் சொல்லும் குரல். “அம்மா, லேப் ரிசல்ட்ல கெட்டது எதுவும் வரல. ஆனா படத்தில தெரியுறதுக்கும் அதுக்கும் ஒத்துப்போகல. ஊசி சரியான இடத்தில படாம போயிருக்கலாம். இன்னொரு தடவை எடுக்கணும்.”

என் சந்தோஷத்தில் இவள் யார் கைவைக்க? எனக்கு முன்னாலேயே எல்லாம் தெரியும் என்றேன். இன்னொரு தடவை குத்தவேண்டும் என்றால் உங்கள் வீட்டு ஆட்களைக் குத்திக்கொள்ளுங்கள் என்றேன். “என் நாத்தனார் உனக்கே பாடம் சொன்னவங்க. உன்னைவிட அவங்களுக்குத் தெரியும்” என்று சொல்லிப் போனை வைத்தேன். வைத்த பிறகு வெட்டிய துணி கோணலாகப் போனது. ஆத்திரம் என்று நினைத்துக்கொண்டேன்.

நாத்தனாரிடம் சொன்னேன். அவள் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. “படம்கிறது நிழல் அண்ணி, லேப்தான் நிஜம். லேப் இல்லைன்னு சொன்னப்புறம் நிழலைப் பிடிச்சுத் தொங்கிட்டு இருக்காங்க. விடுங்க.” எவ்வளவு அழகான வாக்கியம். வந்த வாடிக்கையாளர்களிடமெல்லாம் அதை நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கறார் விடவில்லை. வாரத்துக்கு இரண்டு முறையாவது போன் வரும். எடுத்தால் அதே வாக்கியம், அதே குரல். எடுப்பதை நிறுத்தினேன். தெருமுனைக் கடைக்காரர் நம்பர் என்று ஏமாந்து ஒருமுறை எடுத்தால், ஆஸ்பத்திரியின் வேறு லைனிலிருந்து அவள். கடைசியில் அந்த நம்பர்களையெல்லாம் வராதபடி தடுத்துத் தரச்சொல்லி வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். கடன்காரி போலத் துரத்துகிறாள் என்று அவரும் சிரித்தார்.

அப்படி ஒரு மாதத்துக்கு மேல் போனது. பாடத்திட்டக் குழுவிலிருந்து கருத்துக் கேட்க ஆட்கள் வருகிறார்கள், நர்சிங் பள்ளி மண்டபத்தில் கூட்டம், நீங்களும் வந்து இரண்டு வார்த்தை பேசவேண்டும் என்றாள் நாத்தனார். நானா என்றேன். “நோயாளி வாயால சொன்னாத்தான் அண்ணி எடுபடும்.” நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனேன். முன்வரிசையில் உட்காரவைத்தாள். மண்டபம் முழுக்க ஆசிரியைகள், நர்சுகள், மாணவிகள். பாதி யூனிஃபார்ம்கள் நான் தைத்தவை. தோள் தையல் எங்கே இறங்கியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

நாத்தனார் மேடையில் நன்றாகத்தான் பேசினாள். வார்டு, ஆள் பற்றாக்குறை எல்லாம் சொன்னாள். பிறகு அந்தப் பாடத்துக்கு வந்தாள். புத்தகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “‘ஒண்ணுமில்ல’ன்னு சொல்லக்கூடாதாம். அப்ப என்ன சொல்றது? பயந்து நடுங்குறவங்க முகத்தைப் பாத்து ‘இருக்கு’ன்னு சொல்லணுமா?” என்று கேட்டாள். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

என்னைக் கூப்பிட்டார்கள். மைக் முன்னால் நின்றதும் முதலில் நா எழவில்லை. பிறகு எழுந்தது, உட்காரவே இல்லை. என்னை எப்படிக் கலங்கடித்தார்கள், என் நாத்தனாரின் ஒரு வார்த்தையில் எப்படி உயிர் வந்தது என்றெல்லாம் சொன்னேன். முடிக்கும்போது, வரும் வழியெல்லாம் மனசுக்குள் தைத்துத் தைத்துப் பார்த்திருந்த வாக்கியத்தைச் சொன்னேன். “அந்தப் பொண்ணு குத்தின ஊசி எனக்கு வலிக்கல. அது பேசின பேச்சுதான் குத்திச்சு.”

என்ன கைத்தட்டல். என் வாழ்க்கையில் எனக்காக யாரும் கைதட்டியது அதுதான் முதல் தடவை. காது சூடாகிவிட்டது. அந்தச் சத்தம் இன்னும் கொஞ்சம் நீளக்கூடாதா என்று நினைத்தேன். அப்புறம் சங்கத்தின் சார்பில், நோயாளியை அச்சுறுத்திய நர்ஸ் மேல் ஆஸ்பத்திரியில் புகார் கொடுப்பது என்று முடிவானது. நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே படிக்கட்டில் கறார் நின்றிருந்தாள். எல்லா நர்சுகளையும் வரச்சொல்லியிருந்தார்கள். அவளும் கடைசி வரிசையில் உட்கார்ந்து அத்தனையையும் கேட்டிருக்கிறாள். கண் சிவந்திருந்தது. குரல் மட்டும் அதே குரல்.

“திட்டுங்கம்மா, புகார் கொடுங்க. ஊசிக்கு மட்டும் வந்துடுங்க.”

நாத்தனார் எனக்கு முன்னால் வந்து நின்றாள். என் அண்ணியை விடமாட்டாயா என்று கேட்டாள். கறார் அவளைப் பார்த்தாள். மரியாதையாகத்தான் கேட்டாள்.

“மேடம், நீங்க படத்தைப் பாத்தீங்களா?”

நாத்தனார் புத்தகத்தைப் பைக்குள் திணித்தாள். என் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிப்போனாள். வழியில் அந்தத் திமிரைப் பற்றி அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். ஆட்டோ வீட்டு வாசலுக்கு வரும்வரை அவள் பையை மடியில் இறுக்கிக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் பத்தரை மணி வாக்கில், பள்ளி நேரத்தில், அவள் கடைக்கு வந்தாள். அப்படி ஒருநாளும் வந்ததில்லை. அளவு கொடுக்க வருகிறவர்கள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்து, தரையில் கிடந்த நூல் துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காபி கேட்டேன், வேண்டாம் என்றாள். நான் ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தேன், நிறுத்தவில்லை. கறாரைப் பற்றிச் சண்டை போடுவதற்காகத்தான் நாத்தனார் அன்று காலையில் ஸ்கேன் டாக்டரிடம் போயிருக்கிறாள். டாக்டர் சண்டை போடவில்லை. உட்காரவைத்துப் படத்தை எடுத்துக் காட்டியிருக்கிறார். பிறகு துணுக்கு எடுத்த அன்று பிடித்த படத்தையும். ஊசி முடிச்சின் ஓரத்தை உரசிக்கொண்டு போயிருக்கிறது. படத்தில் கெட்டது மாதிரி தெரிந்து, துணுக்கில் வெறும் கொழுப்பு வந்தால், கொழுப்பை நம்பக்கூடாது, ஊசியைச் சந்தேகப்பட வேண்டும் என்றிருக்கிறார். இது வழக்கமாக எல்லாருக்கும் பார்ப்பதுதான், அதைத்தான் உங்கள் மாணவி ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்றும் சொல்லியிருக்கிறார்.

இதையெல்லாம் அவள் எனக்குத் தரையைப் பார்த்தே சொன்னாள். எனக்குப் புரிய நேரமாகவில்லை. கறைபட்ட துணியில் கறை இல்லாத மூலையை வெட்டிக் கொண்டுபோய்க் காட்டினால், துணி சுத்தம் என்றுதானே எவரும் சொல்வார்கள். லேப் பொய் சொல்லவில்லை. கொடுத்த துண்டு தப்பு. அந்த இழுபட்ட சுருக்கத்தை என் கண்ணாலேயே பார்த்தவள் நான். எந்த ஜாக்கெட்டிலும் அதை விட்டுவைத்ததில்லை. என் உடம்பில் மட்டும் விட்டுவைத்தேன். எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிய வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

“உங்களுக்கு எப்படி அண்ணி தெரியும், தெரிஞ்சிருக்க வேண்டியவ நான்” என்று அவள் சொன்னாள். “பாடம் சொல்லிக்கொடுக்கிறேன்னு இத்தனை வருஷமா நிக்கிறேன். எனக்கு அது தெரியலைன்னு அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு. எல்லார் முன்னாலயும் சொல்லாம, படியில வந்து கேட்டா.”

அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. எனக்கும்தான். நாங்கள் கறாரை மண்டபம் நிறைய ஆட்களை வைத்துக் குத்தினோம். அவள் எங்களைத் தனியாக நிறுத்திக் கேட்டாள். நான் வெட்டிக்கொண்டிருந்த ஜாக்கெட் கையை நடுவிலேயே விட்டுவிட்டு எழுந்தேன். கறாரின் நம்பரைத் தடுத்திருந்ததை எடுத்துவிட எனக்குத் தெரியவில்லை, நாத்தனாருக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் போனை வைத்துக்கொண்டு முழித்தோம். கடைசியில் நேரிலேயே கிளம்பினோம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் எதிரே வந்தபோது நான் மண்டபத்துப் புடவையில் இல்லை, அது ஒன்றுதான் ஆறுதல். எங்களைப் பார்த்ததும் கறார் நின்றாள். ஏன் இத்தனை நாள் என்று கேட்பாள், ஒரு வார்த்தையாவது குத்துவாள் என்று உடம்பை இறுக்கிக்கொண்டேன். குத்தியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவள், நாளை மறுநாள் காலையில் ஓர் இடம் இருக்கிறது, ரத்தம் இளக்கும் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டாள்.

இந்தத் தடவை மேமோகிராம் மெஷினிலேயே அழுத்திப் பிடித்து, படத்தைப் பார்த்துக்கொண்டே ஊசி போட்டார்கள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி, மார்பு தட்டுகளுக்கு நடுவில், நான் அசையாமல் இருக்கவேண்டும். நாத்தனார் ஒரு மூலையில் என் ஜாக்கெட்டையும் பையையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். கட்டளையிட்டே பழகிய பெண், எங்கே நிற்பது என்று கேட்டுக்கொண்டு நின்றாள். கறார் என் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தாள். அவள் விரல் சூடாக இருந்தது.

“என்னை மன்னிச்சிரும்மா” என்றேன்.

“பேசாதீங்கம்மா. அசைஞ்சா இடம் தவறிடும்.”

அதற்கு மேல் மன்னிப்புக் கேட்கவும் வழியில்லாமல் நான் உட்கார்ந்திருந்தேன். ‘டக்’ என்றது. சத்தம் வரும் என்று முன்பே சொல்லியிருந்தாள். திடுக்கிடவில்லை. கண்ணீர் ஒழுகியதைத் துடைக்கக்கூட நான் கை தூக்கக்கூடாது. அவள்தான் துடைத்துவிட்டாள், சிரிக்காமல்.

புகாரின் பேரில் அவளிடம் விளக்கம் கேட்டிருந்தார்கள் என்பது அன்றுதான் தெரிந்தது. வேறொரு நர்ஸ் சொன்னாள், சும்மா சொல்வது போல. நாத்தனார் அப்போதே மேலதிகாரி அறைக்குப் போய்ப் புகாரைத் திரும்ப வாங்கினாள். நான் போட்ட கையெழுத்தின் மேல் நானே கோடு இழுத்தேன். பாடத்திட்டத்துக்கு நாங்கள் செய்ததை மட்டும் அப்படிக் கோடு இழுத்து அழிக்க முடியவில்லை. எங்கள் கூட்டத்தில் எழுந்த எதிர்ப்பை முன்னிட்டு அடுத்த வருஷத்துக்கு ஒத்திவைத்திருப்பதாகச் செய்தி வந்திருந்தது. இந்த வருஷம் சேர்ந்த பெண்கள், சிரித்த முகத்துடன் பழைய வார்த்தையைத்தான் படித்துக்கொண்டிருக்கிறார்கள். என் கைத்தட்டலுக்கு அதில் பங்கு உண்டு.

முடிவு சொல்லக் கூப்பிட்ட அன்று லேபுக்கு யாரும் போன் செய்யவில்லை. லேபில் இருக்கும் மாணவி தானாகவே கூப்பிட்டும், சொல்லாதே, அங்கே வந்து தெரிந்துகொள்கிறோம் என்று நாத்தனார் வைத்துவிட்டாள். வீட்டுக்காரரை வராந்தா பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நாங்கள் இருவரும் உள்ளே போனோம். டாக்டரும் கறாரும் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. இந்த முறை இரண்டும் ஒத்துப்போகிறது, புற்றுதான், இன்னும் சின்னதாகத்தான் இருக்கிறது, ஆபரேஷன் செய்து எடுக்கலாம், அதற்குப் பிறகு என்ன சிகிச்சை என்பதை அக்குளில் நெறிக்கட்டியைச் சோதித்துவிட்டுச் சொல்வோம் என்றார். நான் தலையாட்டினேன். அடுத்ததாக என்ன கேட்கவேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. கேட்கத்தான் பயமாக இருந்தது. டாக்டரிடம் கேட்காமல் கறாரிடம் கேட்டேன்.

“நான் வராம இருந்தேனே, அந்த நாளெல்லாம்... அதுல பரவியிருக்குமா பாப்பா?”

“தெரியாதும்மா” என்றாள். “சோதிச்சதும் நானே சொல்றேன்.”

முதல் நாள் சொன்ன அதே பதில். அன்றைக்கு அதில் நெஞ்சில்லை என்று ஊரைக் கூட்டிச் சொன்னேன். இன்றைக்கு அந்தத் ‘தெரியாதும்மா’வைப் பிடித்துக்கொண்டுதான் நாற்காலியிலிருந்து எழுந்தேன்.

கதவைத் திறந்ததும் வீட்டுக்காரர் பெஞ்சிலிருந்து எழுந்தார். என்னைப் பார்க்கவில்லை. அவர் கண் நேராகத் தங்கையிடம் போனது. நாற்பது வருஷப் பழக்கம், எங்கே போகும்? முகத்தில் பாதி சிரிப்பைத் தயாராகவே வைத்திருந்தார், அவள் வழக்கமான வார்த்தையைச் சொன்னதும் மீதியைச் சிரிப்பதற்கு.

“என்னம்மா? ஒண்ணுமில்லதானே?”

நாத்தனாரின் உதடு குவிந்தது. அந்த வார்த்தையின் முதல் எழுத்துக்குக் குவிகிற குவிப்பு. மாணவிகளுக்குப் பயிற்சி கொடுத்த அந்தச் சிரிப்புகூட ஓரத்தில் வந்து நின்றது. எங்களுக்குப் பின்னால், திறந்த கதவருகில், கறார் நின்றிருந்தாள்.

“இருக்குண்ணா” என்றாள் நாத்தனார்.

அவருக்கு அந்த வார்த்தை போய்ச் சேரவில்லை. பாதிச் சிரிப்பு அப்படியே இருந்தது. “நீதானேம்மா ஒண்ணுமில்லன்னு சொன்னே” என்றார், தப்பு நம்பர் போல, திருத்திச் சொல்லிவிடுவாள் என்பது போல.

“ஆமாண்ணா. நான்தான் சொன்னேன். படத்தைப் பாக்காமலே சொன்னேன்.”

அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார். மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தார். நாத்தனார் உட்காரவில்லை, முகத்தை மூடிக்கொள்ளவில்லை. போகிறவர் வருகிறவர்களெல்லாம் பார்க்கும்படி, தண்டனைக்கு நிறுத்தப்பட்ட மாணவி போல அண்ணன் முன்னால் நின்றாள். எனக்கு அவளை அப்படிப் பார்க்க முடியவில்லை. மண்டபத்தில் நான் பேசியது அவருக்குத் தெரியாது. நம்பரைத் தடுத்துக் கொடுத்தது தான்தான் என்பது அவருக்கு இன்னும் ஞாபகம் வரவில்லை. எல்லாவற்றையும் ஒரே வீச்சில் மூடிவிட வேண்டும் போலிருந்தது. அவள் தோளைத் தொட்டேன், வாயைத் திறந்தேன். ‘விடும்மா, அதெல்லாம் ஒண்ணுமில்ல’ என்று என் நாக்கு நுனியில் அதுவே வந்து நின்றது.

விழுங்கினேன். பிறகு வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, கூட்டத்தில் நான் பேசியதை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.